ஒரு சைக்கிள் கம்பியும் கண்டிப் பட்டறைகளும்

சைக்கிளின் சக்கரத்தைச் சட்டத்தோடு பிணைத்து வைத்திருக்கும் பொருள் எது என்பதை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். பழைய ரலி, ஹம்பர், ஹெர்குலிஸ் சைக்கிள்களில் அது சக்கரக் குடத்தினூடே செல்லும் தடித்த அச்சு. அச்சின் இருபுறமும் சுரைகள் இறுக்கப்பட்டிருக்கும். சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும். பந்தய சைக்கிள்களிலும், பின்னர் வந்த மலைச் சைக்கிள்களிலும் அச்சு உள்ளே துளையுடையது. அத்துளையினூடே ஐந்து மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பியொன்று செல்கிறது. அதன் ஒரு முனையில் நெம்பு, மறுமுனையில் சுரை. நெம்பை மடித்தால் சக்கரம் இறுகும், விரித்தால் தளரும். சைக்கிள் கடைக்காரர்கள் இதனைக் 'குயிக் ரிலீஸ்' என்பார்கள். வசதி கருதி இக்கட்டுரையில் 'ஊடுகம்பி' என்று அழைக்கிறேன்.

அரசியலையும் தோட்டத் தொழிற்சங்கங்களையும் பற்றி எழுதிக்கொண்டிருந்த ஒரு பத்திரிகையாளனுக்குச் சைக்கிள் கம்பியில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கடையில் கிடைக்காத நீளத்தில் இத்தகைய கம்பியொன்றைக் கண்டிக்கு அண்மையில் ஒரு வீட்டுப் பட்டறையில் செய்வதைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதைச் செய்தவருக்கு அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கப்போய், நமது மலைநாட்டு வரலாற்றில் எழுதப்படாமல் விடப்பட்ட ஒரு பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

நீளம் ஏன் சிக்கலாகிறது?

ஊடுகம்பிகள் சில நீளங்களில் மட்டுமே தொழிற்சாலைகளிலிருந்து வருகின்றன. முன் சக்கரக் குடம் பொருந்தும் இடைவெளி பெரும்பாலும் 100 மில்லிமீற்றர். பின் சக்கரத்துக்கு அது காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. பந்தய சைக்கிள்களில் ஒரு காலத்தில் 120 ஆக இருந்து, 126 ஆகி, பின்னர் 130 ஆயிற்று. மலைச் சைக்கிள்களில் 135. பற்சில்லுகளின் எண்ணிக்கை கூடக்கூட குடமும் அகன்றது என்பதே காரணம். இந்த அளவுகளுக்கு வெளியே உள்ளவர்கள்தாம் சங்கடப்படுகிறார்கள். இருவர் மிதிக்கும் நீண்ட சைக்கிள், சுமை வண்டி, பின்னால் இழுவைப் பெட்டி பூட்டிய சைக்கிள் ஆகியவற்றுக்குக் கடைக் கம்பி எட்டாது. நெம்புக்கு அடியில் இழுவைப் பெட்டியின் கொக்கித் தகட்டைச் செருகிவிட்டால், மறுபுறத்தில் சுரை பிடிப்பதற்குப் புரி மிஞ்சாது.

கண்டி சைக்கிளுக்கு ஏற்ற ஊர் அன்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம். யாழ்ப்பாணத்தையோ மட்டக்களப்பையோ போலச் சைக்கிள் இங்கே குடும்பத்தில் ஓர் உறுப்பினராக ஒருபோதும் இருந்ததில்லை. ஆயின் 2022ஆம் ஆண்டு அந்த நிலையைச் சிறிது காலத்துக்கு மாற்றியது. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு எரிபொருள் வழங்கலே சுமார் இரண்டு வாரங்களுக்கு நிறுத்தப்பட்டது. ஜூலையில் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்தது. (ஊடுகம்பியையும் சைக்கிள் பிரியர்கள் கியூ.ஆர். என்றே சுருக்கி அழைப்பார்கள். நாடு முழுவதும் ஒரு கியூ.ஆருக்காக வரிசையில் நின்றபோது, சிலர் மற்றொன்றைத் தேடி அலைந்தார்கள்.) பேராதனை வீதியிலும் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலும், கொட்டகைகளில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் மிதித்துச் சென்றதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

புதிய சைக்கிளின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உதிரிப்பாகங்களின் வரவைக் குறைத்தன. எஞ்சியிருந்தவை ஜப்பானிலிருந்து கொள்கலன்களில் முன்பே வந்திறங்கியிருந்த பாவித்த சைக்கிள்கள். ஒன்றின் சட்டம், இன்னொன்றின் சக்கரம், மற்றொன்றின் பற்சில்லு என்று ஒட்டுப்போட்டு ஓட்டியவர்கள் பலர். அப்படி ஒட்டுப்போட்ட ஒரு சைக்கிளுக்கு, பொருட்களை ஏற்றிச் செல்லும் சிறு இழுவைப் பெட்டியைப் பூட்ட விரும்பிய ஓர் இளைஞருக்காகத்தான் நான் பார்த்த கம்பி செய்யப்பட்டது.

அம்பிட்டியப் பட்டறையில்

அதைச் செய்தவர் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அம்பிட்டியவில் அவருடைய வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில், சாக்கினால் மூடி வைக்கப்பட்ட பழைய பிரிட்டிஷ் லேத் ஒன்று இருக்கிறது. ஊரார் அவரை 'பாஸ் ஐயா' என்று அழைக்கிறார்கள். ஒல்லாந்தர் விட்டுச் சென்ற 'பாஸ்' என்ற சொல் இலங்கையில் கைவினைஞருக்குரிய மரியாதைச் சொல்லாகிவிட்டது.

முதலில் அளவு. வேணியர் இடுக்கிமானியைக் கையில் எடுத்துக் குடத்தின் இடைவெளி 135 மில்லிமீற்றர் என்று குறித்தார். சட்டத்தின் இரு கவைகளின் தடிப்பு பக்கத்துக்கு ஆறாக 12. இழுவைப் பெட்டியின் கொக்கித் தகடு 6. மொத்தம் 153. இதற்கு மேல், நெம்பின் தலைக்குள் புகும் பகுதி, சுரைக்குள் புகும் பகுதி ஆகியவற்றையும் சேர்த்து 175 மில்லிமீற்றருக்குக் கம்பியை வெட்டினார். சுரை குறைந்தது ஐந்து முழுச் சுற்றாவது புரியில் ஏறியிருக்க வேண்டும் என்பது சைக்கிள்காரர்களின் விதி. "ஐந்து என்று சொன்னால் நான் எட்டு வைப்பேன்" என்றார்.

அடுத்து உலோகம். இரும்புக் கடையில் முழு நீளமும் புரி வெட்டிய கம்பி மலிவாகக் கிடைக்கும். அதை அளவுக்கு அறுத்துப் பூட்டிவிடலாமே என்று இளைஞர் கேட்டார். பாஸ் ஐயா தலையசைத்து மறுத்தார். அத்தகைய கம்பி பெரும்பாலும் மென்னுருக்கு. நெம்பை மடிக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது நீளும். நீண்டால் பிடி தளரும். அவர் எடுத்தது இழுத்து வலுவேற்றிய ஐந்து மில்லிமீற்றர் உருக்குக் கம்பி.

தடித்த தண்டிலிருந்து முழுக் கம்பியையும் கடைந்து எடுப்பது மற்றொரு வழி. ஆயின் இவ்வளவு மெல்லிய, நீண்ட பொருளை லேத்தில் பூட்டிக் கடையும்போது அது கத்திக்கு எதிரே வளைந்து கொடுக்கும். இரு முனையும் அளவாக வந்தாலும் நடுப்பகுதி தடித்தே நிற்கும். கூடவே நகர்ந்து தாங்கிப் பிடிக்கும் துணைக்கருவி இல்லாமல் அதைச் செய்ய முடியாது. ஆகவே அவர் நெம்பு பூட்டும் தலையை மட்டும் தனியாகக் கடைந்தார். தலைக்குள் 4.2 மில்லிமீற்றர் துளையிட்டு, எம்-5 டாப்பினால் புரி வெட்டினார். ஐந்து மில்லிமீற்றர்ப் புரிக்கு அதுவே உரிய துளை. கம்பியைத் தலைக்குள் முறுக்கி ஏற்றிய பின், குறுக்கே ஒரு மெல்லிய ஆணியை அடித்துப் பூட்டினார். இனி அது தானாகக் கழலாது.

மறுமுனையில் புரி வெட்டுவதுதான் நுட்பமான வேலை. கம்பியின் முனையைச் சற்றே சரித்து, டையை லேத்தின் பின்தலையில் தாங்க வைத்து, கையால் மெல்லச் சுழற்றினார். டை கோணலாக ஏறினால் புரி குடிகாரன் நடப்பதுபோல வரும் என்றார். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. பின்னே திருப்பும்போது சீவல் உடைந்து விழும். எண்ணெய்க்குப் பக்கத்தில் ஒரு போத்தலில் தேங்காய் எண்ணெய். "பக்டரியில் வேறு எண்ணெய் தருவார்கள். வீட்டில் இதுதான். புரி இன்னும் பளபளப்பாக வரும்."

இங்கே பொறியியல் உண்மையொன்று இருக்கிறது. தொழிற்சாலைகளில் இப்புரிகள் வெட்டப்படுவதில்லை. கம்பியை இரு அச்சுகளுக்கிடையே உருட்டி அழுத்திப் புரியை எழுப்புகிறார்கள். அப்போது உலோகத்தின் இழைகள் அறுபடுவதில்லை. வெட்டிய புரியில் அவை அறுபடுகின்றன. ஐந்து மில்லிமீற்றர் கம்பியின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 19.6 சதுர மில்லிமீற்றர். புரி வெட்டிய இடத்தில் பாரத்தைத் தாங்குவது 14.2 மாத்திரமே. உடைந்தால் அங்கேதான் உடையும். ஆகவே வீட்டில் செய்யும் கம்பிக்கு உலோகத் தெரிவிலும் புரியின் சுத்தத்திலும் சலுகை காட்ட முடியாது.

முடிந்ததும் சோதனை. 153 மில்லிமீற்றருக்கு வெட்டிய இரும்புக் குழாயொன்றினூடே கம்பியைச் செலுத்தி, நெம்பை நாற்பது ஐம்பது தடவை மடித்து விரித்தார். பின்னர் கம்பியை வெளியே எடுத்து மீண்டும் அளந்தார். நீளம் மாறவில்லை. "பின் சக்கரத்துக்கு மட்டும்தான். முன் சக்கரத்துக்கு, அதிலும் தட்டுப் பிரேக் உள்ளதற்குக் கேட்டு வராதே" என்று இளைஞரை எச்சரித்தார். அது வெறும் பயமன்று. தட்டுப் பிரேக்கைப் பிடிக்கும் விசை முன் சக்கரத்தைக் கவையிலிருந்து வெளியே தள்ளப் பார்க்கும் என்பதை 2003இல் ஜேம்ஸ் அனன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி விளக்கினார். இன்று புதிய சைக்கிள்கள் பலவற்றில் ஊடுகம்பிக்குப் பதிலாகப் பன்னிரண்டு, பதினைந்து மில்லிமீற்றர் தடிப்புள்ள அச்சுகள் பூட்டப்படுகின்றன.

விச்சென்சாவின் பின்னறை

ஊடுகம்பியே ஒரு சிறு பட்டறையின் பிள்ளை என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. இதைப் புகழ்பெறச் செய்தவர் இத்தாலியின் விச்சென்சா நகரத்தவரான துல்லியோ கம்பஞோலோ (1901–1983). 1927 நவம்பர் 11ஆம் திகதி குரோச்சே தாவுனே என்ற மலைக்கணவாயில் நடந்த பந்தயத்தில், பனியில் விறைத்த விரல்களால் பின் சக்கரத்தின் சுரைகளைத் தளர்த்த முடியாமல் அவர் தோற்றார் என்றும், அன்றே சக்கரத்தின் பின்புறத்தில் ஏதாவது மாற வேண்டும் என்று முணுமுணுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. சைக்கிள் உலகில் அது புராணம்போலச் சொல்லப்படுகிறது. அந்தத் திகதியும் பனியும் பந்தயத்தில் அவர் இருந்த இடமும் பதிவுகளோடு பொருந்தவில்லை என்று பிற்கால ஆய்வாளர் சிலர் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். எப்படியாயினும், 1930களின் தொடக்கத்தில் நெம்புடன் கூடிய ஊடுகம்பி அவர் கையால் உருப்பெற்றது. 1933இல் அவரது நிறுவனம் தோன்றியது. தந்தையின் இரும்புக் கடையின் பின்னறையே அவருடைய முதற் பட்டறை என்பர்.

அந்தப் பின்னறைக்கு ஒரு பெயர் கிடைத்தது. உலகெங்கும் பந்தயக்காரர்கள் அந்தப் பெயரை உச்சரித்தார்கள். அதே வகைக் கைவேலை நடந்த வேறு எத்தனையோ பின்னறைகளுக்கு எந்தப் பெயரும் கிடைக்கவில்லை. நான் பேச வந்தது அவற்றைப் பற்றித்தான்.

புரியில் எழுதப்பட்ட வரலாறு

ஒரு சுரை எந்த அச்சில் ஏறும், எதில் ஏறாது என்பதே ஒரு வரலாற்றுப் பாடம். 1841இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வேர்த் புரிகளுக்கு ஒரு பொது அளவை முன்வைக்கும்வரை, ஒரு பட்டறையின் சுரை மறு பட்டறையின் ஆணியில் ஏறாது. சைக்கிளுக்கென்று தனி அளவு 1902இல் இங்கிலாந்தில் வகுக்கப்பட்டது. அங்குலத்துக்கு 26 புரி. முன் அச்சு ஓர் அங்குலத்தின் பதினாறில் ஐந்து பங்கு. பின் அச்சு எட்டில் மூன்று பங்கு. அந்த அளவோடுதான் பிரிட்டிஷ் சைக்கிள்கள் இலங்கைக்கு வந்தன.

பாவித்த ஜப்பானிய சைக்கிள்கள் வந்தபோது நமது கடைக்காரர்கள் கண்ட ஓர் அதிசயம் உண்டு. கூடை வைத்த சாதாரண ஜப்பானியப் பெண்கள் சைக்கிளின் பின் அச்சில் பழைய ரலியின் சுரை ஏறும். ஜப்பானியர் சைக்கிள் தொழிலைக் கற்றுக்கொண்டபோது பிரிட்டிஷ் புரியையும் சேர்த்தே கற்றுக்கொண்டார்கள். அவர்களது தேசியத் தரத்தில் அந்த அங்குல அளவு நிலைத்துவிட்டது. ஆனால் அதே நாட்டின் பந்தய சைக்கிளில், துளையுள்ள அச்சுக்கு மில்லிமீற்றர்ப் புரி. பத்து மில்லிமீற்றர் தடிப்பு. ஒரு மில்லிமீற்றர் இடைவெளி. பிரிட்டிஷ் புரியின் இடைவெளி 0.977 மில்லிமீற்றர். பார்வைக்கு இரண்டும் ஒன்று. அவசரத்தில் மாற்றிப் பூட்டப் பார்த்துப் புரியைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. பாஸ் ஐயாவின் இழுப்பறையில் இரண்டு வகை டைகளும் தனித்தனி டப்பாக்களில் இருந்தன. ஒரு டப்பாவில் 'இங்லிஸ்', மற்றதில் 'ஜப்பான்' என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தார். ஒரு சிறு தீவு எந்தெந்த நாடுகளிடம் பொருள் வாங்கியது என்பதற்கு அந்த இரண்டு டப்பாக்களும் சாட்சி.

எம்பக்க ஆணியிலிருந்து லூல்கந்துர வரை

கண்டிக்கு இயந்திர அறிவைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர் என்று பள்ளிப் பாடங்களில் படித்தோம். அது பாதி உண்மை. கண்டியிலிருந்து அதிக தூரமில்லாத எம்பக்க தேவாலயத்துக்குச் சென்றவர்கள் மரச்சிற்பத் தூண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கம்பளை இராசதானிக் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் காலத்தில் எழுந்த கோயில் அது. அங்கே கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். முன்மண்டபத்தின் முனையில் 26 கைமரங்கள் ஒன்றுகூடும் இடத்தை ஒரேயொரு பெரிய மர ஆணி பிடித்து நிற்கிறது. 'மடோல் குருபாவ' என்று அதற்குப் பெயர். பல உறுப்புகளை ஓர் ஊடாணியால் பிணைக்கும் அறிவு இம்மண்ணுக்குப் புதிதன்று.

பிலிமத்தலாவப் பக்கத்துப் பித்தளை வார்ப்போரும் கண்டியைச் சூழ்ந்த ஆச்சாரிமாரும் அந்த மரபின் வாரிசுகள். 'ஆச்சாரி' என்ற சொல் சிங்களத்துக்கும் தமிழுக்கும் பொதுவானது என்பதும் கவனிக்கத்தக்கது. அவர்களின் கருவிகளையும் முறைகளையும் முதன்முதலாக விரிவாக எழுதி வைத்தவர் ஒரு தமிழர் மகன். சேர் முத்து குமாரசுவாமியின் புதல்வரான ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குப் பணிப்பாளராக இருந்த காலத்தில் கிராமம் கிராமமாகத் திரிந்து திரட்டியவை, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூலாக வெளிவந்தன. இன்று நாம் அக்கைவினைகளைப் பற்றிப் பேச முடிகிறதென்றால் அவர் எழுதி வைத்ததும் ஒரு காரணம்.

ஆங்கிலேயர் 1815இல் கண்டியைக் கைப்பற்றினர். பின் கோப்பி வந்தது. கோப்பிப் பழத்தின் தோலை நீக்கும் இயந்திரம் தோட்டந்தோறும் தேவைப்பட்டது. பழுதுபார்க்கக் கப்பலுக்குக் காத்திருக்க முடியாது. ஜோன் வோக்கர் என்பவர் 1854இல் கண்டியில் தொடங்கிய பொறியியல் பட்டறை அந்தத் தேவையிலிருந்து பிறந்தது. பின்னாளில் நாடறிந்த பெரிய நிறுவனமாயிற்று.

தேயிலையின் கதையோ ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் தொடங்குகிறது. 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். அவருடைய முதல் 'தொழிற்சாலை' பங்களாவின் விறாந்தைதான். அங்கே மேசைகளின் மீது கொழுந்தைக் கைகளால், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அழுத்தி உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி நெருப்பின் மேல் கம்பித் தட்டுகளை வைத்து உலர்த்தினார்கள். 1872இல் டெய்லர் முழுமையான தொழிற்சாலையொன்றை அமைத்தார். கொழுந்தை உருட்டும் இயந்திரமொன்றைத் தாமே வடிவமைத்தார். 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோயால் கோப்பி அழிய, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1892இல் இறந்த டெய்லர் கண்டி மகியாவ மயானத்தில் உறங்குகிறார். கல்லறையில் அவர் பெயர் இருக்கிறது.

மேசையில் கொழுந்தை உருட்டிய அந்தக் கைகள் யாருடையவை? தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் கைகள். இயந்திரம் பழுதான நாளில் அதைத் திருத்தியவர்கள் யார்? ஒரு பெயரையும் நாம் அறியோம்.

பின்னர் ஸ்கொட்லாந்தின் வில்லியம் ஜாக்சன் வடிவமைத்த ரோலர்களும், பெல்பாஸ்ட்டில் சாமுவேல் டேவிட்சன் உருவாக்கிய சிரோக்கோ உலர்த்திகளும் மலையேறி வந்தன. இவை பல தசாப்தங்கள் உழைத்த இயந்திரங்கள். தேய்ந்த தாங்கியை வார்த்து, உடைந்த ஆணியைக் கடைந்து, அறுந்த புரியை மீண்டும் வெட்டி அவற்றை ஓட வைத்தவர்கள் தோட்டத்து ஸ்டோரின் பிட்டர்கள், கொல்லர்கள், என்ஜின்காரர்கள். பாஸ் ஐயா தொழில் கற்றதும் அப்படித்தான். தந்தையின் பக்கத்தில் நின்று, விளக்குப் பிடித்து, பிறகு அரம் பிடித்து. எந்தத் தொழில்நுட்பக் கல்லூரிக்கும் அவர் போனதில்லை. சைக்கிள் ஊடுகம்பிக்கு அவர் போட்ட குறுக்காணி, உலர்த்தியின் தண்டுக்கு அவருடைய தந்தை போட்ட குறுக்காணியின் சிறு வடிவம் என்று அவரே சொன்னார்.

கப்பலேறிய கைகள்

இந்தக் கைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க முடியாது. சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் தீர்மானித்தது. எஞ்சிய 150,000 பேரின் விதி 1974இல் பங்கிடப்பட்டது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தின் வாசலில் கடவுச்சீட்டுக்காகக் காத்திருந்து, புகையிரதத்தில் தலைமன்னார் சென்று, இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறியவர்களைக் கொழுந்து பறிப்போராகவே நாம் நினைவுகூர்கிறோம். அவர்களிடையே பிட்டர்களும் கொல்லர்களும் தச்சர்களும் இருந்தார்கள். தாயகம் திரும்பியோருக்கென்று 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய நீலகிரித் தேயிலைத் திட்டத்தில் சிலர் சேர்ந்தனர். ஏனையோர் எங்கெங்கோ சிதறினர். பாஸ் ஐயாவின் பெரியப்பா ஒருவர் தமது சுத்தியலையும் இரண்டு டைகளையும் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றாராம். கோத்தகிரியிலிருந்து வந்த இரண்டு கடிதங்களுக்குப் பிறகு தொடர்பு அறுந்துவிட்டது.

முரண் என்னவென்றால், அவர்கள் வெளியேறிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் நாட்டுக்கு அவர்கள் மிகவும் தேவைப்பட்டார்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. சைக்கிள் அச்சு தொடக்கம் லொறியின் தாங்கி வரை, உடைந்ததை இங்கேயே செய்துகொள்ள வேண்டிய காலம் அது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லோரிடமும் இத்தகைய பட்டறைகள் கண்டியைச் சூழ இருந்தன. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. மலிவான உதிரிப்பாகங்கள் குவிந்தன. திருத்துவதைவிட மாற்றுவது இலாபம் என்றாயிற்று. 1983 ஜூலையில் கண்டி நகரிலும் தமிழரின் கடைகள் தீக்கிரையாகின. இவ்வாறு ஒரு தலைமுறைக்குள் அந்தக் கைவேலை இரண்டு மூன்று அடிகளை அடுத்தடுத்து வாங்கிக்கொண்டது.

யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலி கேட்டதைப் பற்றிக் கதைகளும் கட்டுரைகளும் நிறைய வந்துவிட்டன. அது நல்லதே. பற்றாக்குறையில் பிறந்த அந்தத் திறமைக்கு ஒரு பதிவு கிடைத்தது. மலைநாட்டின் பட்டறைத் திறமைக்கு அத்தகைய பதிவு மிகக் குறைவு. ஹந்தானையில் 2001இல் தேயிலை நூதனசாலை திறக்கப்பட்டது. பழைய தொழிற்சாலைக் கட்டடமொன்றில் அமைந்த அருமையான இடம். பிள்ளைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அங்கே கண்ணில் நிறைபவை இயந்திரங்களும் துரைமார்களின் நினைவுப் பொருட்களும்தாம். இயந்திரத்தின் மேல் அதைச் செய்த நிறுவனத்தின் பெயர் வார்த்திருக்கிறது. ஐம்பது ஆண்டுகள் அதை ஓட வைத்தவரின் பெயரை எங்கே பொறிப்பது?

என்ன செய்யலாம்?

2022இன் நெருக்கடி ஒன்றை நமக்கு நினைவூட்டியது. கப்பல் வராத நாளில், அளவெடுத்துப் பொருள் செய்யத் தெரிந்தவர் பத்து மைல் சுற்றளவுக்குள் இருக்கிறாரா என்பதே கேள்வியாகிவிடும். அன்று கண்டியில் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்கள். பாஸ் ஐயாவின் இரு மகன்களும் வெளிநாட்டில். லேத்தை யாருக்குக் கொடுப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. பழைய இரும்பு வாங்குபவர் இரண்டு முறை வந்து விலை கேட்டுவிட்டுப் போனாராம். அந்த இளைஞர் தமது கம்பியைப் பெற்றுக்கொண்ட பிறகு மூன்று சனிக்கிழமைகள் தொடர்ந்து வந்து டை பிடிக்கப் பழகினார் என்பதை இங்கே மகிழ்ச்சியோடு குறிப்பிட வேண்டும்.

எல்லோரும் லேத் வாங்க முடியாது. ஆயின் எல்லோராலும் குறித்து வைக்க முடியும். மலையக இளைஞர்கள் இன்று பேராதனையிலும் பிற பல்கலைக்கழகங்களிலும் படிக்கிறார்கள். ஆய்வுத் தலைப்புத் தேடுகிறார்கள். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ தோட்டத்து ஸ்டோரில் பிட்டராக, கொல்லராக, என்ஜின்காரராக இருந்திருந்தால், அல்லது அப்படியொருவர் உங்கள் ஊரில் இன்னும் உயிரோடிருந்தால், இந்த வாரமே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். அவர் பெயர், தோட்டத்தின் பெயர், வேலை செய்த ஆண்டுகள், கையாண்ட இயந்திரங்கள், அவரே செய்துகொண்ட கருவிகள், யாரிடம் கற்றார், யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்பனவற்றைக் கேளுங்கள். கருவிகளை அளவோடு படம் பிடியுங்கள். அவர் பயன்படுத்தும் சொற்களை அவர் சொல்கிறபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். சிங்கள ஆச்சாரிமாருக்கு ஆனந்த குமாரசுவாமி செய்த வேலை அதுதான். நம் பிட்டர்களுக்கு அதை இன்னும் ஒருவரும் செய்யவில்லை.